ஜன்னலோர மேடைக்கு நாமே தைக்கும் குஷன்

சோபாவுக்கும் நாற்காலிக்கும் கடையில் ரெடிமேட் குஷன் கிடைத்துவிடும். ஜன்னலோரம் உட்காரக் கட்டிய மேடைக்குக் கிடைப்பது அரிது, ஏனென்றால் அந்த மேடை வீட்டுக்கு வீடு வேறு அளவு. ஒரு வீட்டில் நாலடி நீளம், அடுத்த வீட்டில் ஐந்தேகால். ஒரே மேடையிலேயே பூச்சு கனமாக விழுந்த பக்கத்துக்கும் மெலிசாக விழுந்த பக்கத்துக்கும் கால் அங்குலம் மாறும். அதனால் நாமே தைத்துக்கொள்வதுதான் சரியான வழி. மிஷினில் நேர்த்தையல் ஓட்டத் தெரிந்தால் போதும், வளைவு கிடையாது, சுருக்கம் கிடையாது, பட்டன் ஓட்டை கிடையாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உறை, உள்ளே போகும் ஃபோமைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும். புதிதாகத் தைக்கிறவர்கள் "நுழையாமல் போய்விட்டால்?" என்ற பயத்தில் ஓர் அங்குலம் தாராளமாக விட்டுவிடுவார்கள். நாலு நாள் உட்கார்ந்து எழுந்ததும் மேல் துணி சுருங்கிச் சுருங்கி அலை அலையாகக் கிடக்கும். ஃபோம் அமுங்கும், துணி அமுங்காது. அரை அங்குலம் சின்ன உறைக்குள் ஃபோம் அமுங்கிப் போய் உட்கார்ந்துகொண்டு, உள்ளிருந்து துணியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குஷன் விறைப்பாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். கீழே சொல்லும் அளவெல்லாம் இதை வைத்துப் போட்டதுதான்.

அளவு எடுப்பது

மேடையின் நீளத்தை மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்: சுவரை ஒட்டிப் பின்னால், நடுவில், முன்விளிம்பில். ஆழத்தையும் அதேபோல இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில். மூன்றும் ஒன்றாக இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் இன்ச் டேப்பை நம்பாமல் செய்தித்தாளை எடுங்கள். தாள்களை டேப் போட்டு ஒட்டி, மேடையின் மேல் விரித்து, சுவர் சேரும் மூலையில் நகத்தால் அழுத்தி மடித்து, அந்த மடிப்பிலேயே வெட்டிவிடுங்கள். மேடையின் அச்சு அப்படியே கையில் வந்துவிடும். எந்தப் பக்கம் முன், எது மேல் என்று அந்தத் தாளில் பேனாவால் எழுதி வையுங்கள். திருப்பிப் போட்டு வெட்டினால் சாய்வு எதிர்ப்பக்கம் போய்விடும்.

இந்தக் கட்டுரைக்கு ஓர் எடுத்துக்காட்டு மேடையை எடுத்துக்கொள்வோம்: நீளம் 48 அங்குலம், ஆழம் 18 அங்குலம், நல்ல செவ்வகம். உங்கள் மேடை வேறு அளவாக இருந்தால் அந்த எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், கணக்கு ஒன்றுதான்.

அளவெடுக்கும்போதே ஜன்னல் கம்பியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். குஷன் போட்டால் மேடை மூன்று அங்குலம் உயர்ந்துவிடும். மெத்தென்று இருப்பதால் குழந்தைகள் அதில் ஏறி நிற்பார்கள், குதிப்பார்கள். கம்பி இல்லாத, அல்லது பாதி உயரத்துக்கு மட்டும் கம்பி உள்ள ஜன்னலாக இருந்தால் முதலில் கிரில் போடுங்கள். குஷன் அப்புறம்.

உள்ளே என்ன வைப்பது

கல் மேடைக்கு இரண்டு அங்குல ஃபோம் போதாது. கடப்பா கல்லோ கிரானைட்டோ, கால் மணி நேரத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்துவிடும். மூன்று அங்குலம் சரியாக இருக்கும். புத்தகத்தோடு மணிக்கணக்கில் உட்காருகிறவர்கள் நாலு அங்குலம் வாங்கலாம், ஆனால் மேடையின் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். தரையிலிருந்து குஷனின் மேல்பரப்பு 18 அங்குலத்தைத் தாண்டிப் போகப் போக, குள்ளமானவர்களுக்குக் கால் தரையில் படாது.

ஃபோம் கடையில் 'டென்சிட்டி' என்று ஓர் எண் சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதுதான் அந்த எண். உட்காரும் குஷனுக்கு 32-க்குக் கீழே போகாதீர்கள், 40 கிடைத்தால் இன்னும் நல்லது. இருபது சொச்சம் எண்ணுள்ள ஃபோம் கடையில் அமுக்கிப் பார்க்கும்போது அருமையாகத்தான் இருக்கும், சில மாதத்தில் உட்கார்ந்த இடம் குழியாகிவிடும். அமுக்கினால் கெட்டியாக இருக்கிறது என்பதாலேயே அது அதிக டென்சிட்டி ஆகிவிடாது, அது வேறு இது வேறு. சந்தேகம் இருந்தால் தராசில் வையுங்கள். 48-க்கு 18, மூன்று அங்குலக் கனத்தில் வெட்டிய துண்டு 32 டென்சிட்டியாக இருந்தால் ஏறக்குறைய 1.36 கிலோ இருக்க வேண்டும், 40 என்றால் 1.7 கிலோ. ஒரு கிலோகூட வரவில்லையென்றால் கடைக்காரர் சொன்ன எண்ணும் ஃபோமும் வேறு வேறு.

ஃபோமை மேடையின் அதே அளவுக்கு, 48-க்கு 18 என்றே வெட்டச் சொல்லுங்கள். மேடை கோணலாக இருந்தால் செய்தித்தாளைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டில் வெட்டுவதானால் பிளேடு நீளமாக வெளியே வரும் கட்டர் கத்தி வேண்டும். மார்க்கரால் கோடு போட்டு, அழுத்தாமல், ஒரே கோட்டில் பல முறை இழுத்து வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் ஃபோம் நசுங்கி, அடிப்பக்கம் உள்வாங்கிவிடும்.

இலவம்பஞ்சு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக வைக்கலாம். வெயில் காலத்தில் ஃபோமைப் போல உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காது, உட்கார அவ்வளவு இதமாக இருக்கும். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள். பஞ்சு மெல்லிய இழை என்பதால் நெருக்கமாக நெய்த காடா துணியில் உள்ளுறை தைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் துணி வழியாகக் கசிந்து வெளியே வரும். பஞ்சு ஒதுங்காமல் இருக்க, நாலைந்து அங்குலத்துக்கு ஒன்றாக மேலிருந்து கீழே குத்தி இழுத்து முடிச்சுப் போட வேண்டும். மாதம் ஒரு முறை வெயிலில் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும். மழைச் சாரல் அடிக்கும் ஜன்னலுக்கு இலவம்பஞ்சு வேண்டாம் என்பேன், நனைந்து கட்டிதட்டிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும் வேலை. முதல் குஷனுக்கு ஃபோம்தான் சுலபம், இனி ஃபோமை வைத்தே சொல்கிறேன்.

துணி

ஜன்னலோரத் துணிக்கு இரண்டு எதிரிகள்: வெயில், சாரல். மேற்குப் பார்த்த ஜன்னலில் அடர் நீலமும் சிவப்பும் சீக்கிரம் வெளுக்கும். வெளிர் நிறம், சாம்பல், மணல் நிறம், கோடு போட்ட துணி இவற்றில் வெளுப்பு அவ்வளவாகத் தெரியாது. மேலும் கீழும் ஒரே துணியில் தைத்தால் மாதம் ஒரு தடவை திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் ஒரே சீராக நிறம் மங்கும். ரெக்ஸின் சாரலைத் தாங்கும், ஆனால் வேர்த்தால் தொடையில் ஒட்டும். வெல்வெட் நம் வெயிலுக்கு ஆகாது.

எனக்குப் பிடித்தது கனமான காட்டன் கேன்வாஸ் அல்லது காட்டனும் பாலியஸ்டரும் கலந்த சோபாத் துணி. சட்டைத் துணி மெலிசு, மூலைகளில் விட்டுப்போகும். கரூர் துணிகளை விற்கும் கடைகளில் மேஜை விரிப்புக்கும் திரைக்குமான துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும், அதில் கனமானதாகப் பார்த்து வாங்கலாம். சென்னிமலைப் போர்வையை வெட்டித் தைப்பவர்களும் உண்டு, நன்றாகவே வரும். பவானி ஜமுக்காளம் பார்க்க அழகுதான், ஆனால் வெட்டிய விளிம்பு கையிலேயே நூல் நூலாகப் பிரியும், வீட்டு மிஷின் நாலு மடிப்பில் திணறும். ஆசையாக இருந்தால் மேல் துண்டுக்கு மட்டும் ஜமுக்காளம் வைத்து, வெட்டுவதற்கு முன்பே கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு தையல் ஓட்டிவிட்டு வெட்டுங்கள்.

54 அங்குல அகலத் துணியில் இந்த அளவுக்கு ஒன்றரை மீட்டர் போதும். விளிம்பில் பைப்பிங் (உள்ளே கயிறு வைத்துத் தைக்கும் ஓரப்பட்டை) வைப்பதானால் இரண்டு மீட்டர். வாங்கி வந்ததும் வெட்டாதீர்கள். நனைத்துத் துவைத்து, காய வைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி. காட்டன் துணி முதல் துவைப்பில் சுருங்கும். துவைத்துச் சுருக்காத துணியில் சரியாகத் தைத்த உறைக்குள், ஒரு முறை துவைத்ததும் ஃபோம் நுழையாது. அரை அங்குலம் சின்னதாகத் தைக்கப் போகிறோம் என்பதால் இந்த வேலையைத் தள்ளவே கூடாது.

வெட்டும் அளவுகள்

தைத்து முடித்த உறை 47½-க்கு 17½ ஆக இருக்க வேண்டும், ஃபோமைவிட அரை அங்குலம் குறைவு. சுற்றிலும் தையலுக்கு அரை அங்குலம் விடுகிறோம். பட்டிகள் என்பவை ஃபோமின் மூன்று அங்குலக் கனத்தைச் சுற்றி மூடும் துண்டுகள். பின்பக்கத்துக்கு வரும் ஜிப் பட்டி இரண்டு மூலையிலும் இரண்டு அங்குலம் பக்கத்துக்குத் திரும்பும், பக்கப்பட்டி அந்த அளவுக்குக் குறையும். ஆக வெட்ட வேண்டியவை:

மேல் துண்டு, கீழ்த் துண்டு: 48½ × 18½, இரண்டு
முன்பட்டி: 48½ × 4, ஒன்று
பக்கப்பட்டி: 16½ × 4, இரண்டு
ஜிப் பட்டி: 52½ × 2½, இரண்டு

நீளமான துண்டுகள் எல்லாம் துணியின் கரைக்கு இணையாக வரட்டும். அந்தப் போக்கில் துணி இழுபடாது. மேல், கீழ்த் துண்டுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டு, பட்டிகளை மிச்ச அகலத்தில் வைத்தால் எல்லாம் 50 அங்குல அகலத்துக்குள் அடங்கும். ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் சாக்குக்கட்டியால் பெயர் எழுதுங்கள்.

மிஷினுக்கு 16-ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல். அங்குலத்துக்கு எட்டு அல்லது ஒன்பது தையல் விழும்படி வைத்தால் போதும், மிக நெருக்கமான தையல் கனத் துணியைக் கிழிக்கும். வெட்டி மிஞ்சிய துணியை நாலாக மடித்து ஓட்டிப் பாருங்கள். கால் மிதிக்கும் பழைய கருப்பு மிஷின் இதற்கு அருமையானது, நாலு மடிப்பில் நிற்காமல் போகும்.

ஜிப்பிலிருந்து தொடங்குங்கள்

உறைக்குப் பின்பக்கம் முழுவதும் ஜிப் வேண்டும், இரண்டு மூலையிலும் திரும்பி இரண்டு அங்குலம் பக்கத்துக்கும் வர வேண்டும். சின்ன ஜிப் வைத்தால் பெரிய ஃபோமைத் திணிக்கும்போது தையல் பிரிந்துவிடும். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் 5-ஆம் நம்பர் ஜிப்பில் 53 அங்குலமும், தனியாக ஒரு ரன்னரும் (ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் பிடி) வாங்குங்கள். கையில் ரன்னரைக் கோத்துவிட்டு, இரண்டு முனையிலும் பற்களின் மேல் கைத்தையலால் நாலைந்து சுற்று கட்டிவிடுங்கள். ரன்னர் கழன்று ஓடாது.

ஜிப் பட்டிகள் இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, அரை அங்குலம் உள்ளே நீளத் தையலாக ஓட்டுங்கள். இதைப் பிறகு பிரிக்கப் போகிறோம், அதனால் முனையில் கட்ட வேண்டாம். மடிப்பை இரு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். விரித்த மடிப்பின் மேல் ஜிப்பைக் குப்புற வையுங்கள், பற்கள் தையல் கோட்டின் மேல் சரியாகப் படுக்க வேண்டும். குண்டூசி குத்தி, ஜிப் தைக்கும் ஒற்றைக் கால் மாட்டி, பற்களிலிருந்து கால் அங்குலம் தள்ளி இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். இப்போது நல்ல பக்கம் திருப்பி, முதலில் போட்ட நீளத் தையலைப் பிரித்துவிட்டால் ஜிப் உள்ளே ஒளிந்திருக்கும். பட்டி மொத்தமும் 4 அங்குல அகலம் வந்திருக்கும்.

பட்டியை வளையமாக்குவது

முன்பட்டியின் இரண்டு முனையிலும் பக்கப்பட்டிகள், அவற்றின் மறுமுனைகளில் ஜிப் பட்டி. நாலு இணைப்பு, ஒரு வளையம். முன்பட்டியும் பக்கப்பட்டியும் சேரும் இரண்டு இணைப்புகளில் மட்டும் மேலும் கீழும் அரை அங்குலம் தைக்காமல் விட்டு நிறுத்துங்கள். அந்த இணைப்புகள் குஷனின் முன் மூலைகளில் வந்து உட்காரும், விட்ட அரை அங்குலம் திறந்து மூலைக்கு வழிவிடும். ஜிப் பட்டி சேரும் இடங்களில் முழுவதும் தைத்து, ஜிப்பின் மேல் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பற்களின் மேல் மிஷினை மோட்டாரால் ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஊசி உடையாது.

வளையத்தைத் தையல் கோட்டில் அளந்தால் 130 அங்குலம் வர வேண்டும். கால் அங்குலம் முன்பின் இருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் இப்போதே ஓர் இணைப்பைப் பிரித்துச் சரிசெய்துவிடுங்கள்.

மேல் துண்டு, அப்புறம் கீழ்த் துண்டு

வளையத்தின் முன் மூலை இணைப்புகளை மேல் துண்டின் முன் மூலைகளில் வைத்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி குண்டூசி குத்துங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் நடுப்புள்ளியையும் மடித்துக் குறித்து அங்கேயும் குத்துங்கள். பின் மூலைகளில் பட்டியின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு கொடுத்தால்தான் திரும்பும். வெட்டு அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும், தையல் கோட்டைத் தொடக் கூடாது.

பட்டி மேலே தெரியும்படி வைத்துத் தையுங்கள். மூலைக்கு அரை அங்குலம் முன்னால் நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்து, துணியை அழுத்தும் மிஷின் காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, காலை இறக்கித் தொடருங்கள். ஊசி துணிக்குள் இருக்கிற வரைக்கும் மூலை நகராது. நீளப் பக்கங்களில் துணியை இழுக்காமல், மிஷின் தானாக எடுத்துக்கொள்ளும் வேகத்திலேயே விடுங்கள்.

இங்கேதான் பொறுமை வேண்டும். மேல் துண்டு சேர்ந்துவிட்டது, கீழ்த் துண்டைச் சும்மா சுற்றித் தைத்துவிடலாம் என்று தோன்றும். அப்படித் தைத்தால் கீழ் மூலைகள் மேல் மூலைகளுக்கு நேராக வராது. அரை அங்குலம் விலகினாலும் குஷன் முழுவதும் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒரு மூலை மேடையைத் தொடாது. எந்த விலை உயர்ந்த துணியும் இதை மறைக்காது. முன் மூலைகள் இணைப்பின் மேலேயே வருவதால் அவற்றில் சிக்கல் இல்லை. பின் மூலைகளுக்கு, மேல் துண்டின் மூலையில் பட்டியை நேராகக் கீழ்நோக்கி மடித்து, நகத்தால் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோடு பட்டியின் மறுவிளிம்பைத் தொடும் இடத்தில் சாக்குக்கட்டியால் புள்ளி வையுங்கள். ஸ்கேலின் ஒரு விளிம்பைத் தையலோடு பொருத்திக் கோடு செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் புள்ளியில்தான் கீழ்த் துண்டின் மூலை உட்கார வேண்டும்.

கீழ்த் துண்டைத் தைப்பதற்கு முன் ஜிப்பைப் பாதிக்கு மேல் திறந்து விடுங்கள். மறந்து மூடியபடியே தைத்தால், உறையைத் திருப்ப வழியில்லாமல் உள்ளேயிருந்து ரன்னரைத் தடவித் தேட வேண்டியிருக்கும்.

இரண்டு துண்டும் சேர்ந்ததும், மூலைகளில் மட்டும் முதல் தையலுக்கு ஒரு நூல் வெளியே இரண்டாவது தையல் ஓட்டுங்கள். விளிம்புகளை ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் போட்டால் துவைக்கும்போது நூல் பிரியாது. மிஷினில் அந்த வசதி இல்லையென்றால் பக்கத்து டெய்லர் கடையில் ஐந்து நிமிட வேலை. மூலைகளில் மிச்சத் துணியைக் குறுக்காக வெட்டிக் குறைத்துவிட்டு, உறையைத் திருப்பி, முனை மழுங்கிய பென்சிலால் மூலைகளைக் குத்தித் தள்ளுங்கள்.

பைப்பிங் பற்றி ஒரு வார்த்தை. கிராஸ் பீஸில், அதாவது துணியின் கரைக்குச் சாய்வாக, ஒன்றரை அங்குலப் பட்டை வெட்டி, உள்ளே நூல் கயிறு வைத்துச் சுற்றிலும் தைப்பது குஷனுக்கு அழகான விளிம்பைத் தரும். மேல், கீழ் இரண்டுக்கும் சேர்த்து 270 அங்குலமாவது வேண்டும். முதல் குஷனில் இதை விட்டுவிட்டு, மூலைகள் சரியாக வந்த பிறகு அடுத்ததில் வைக்கலாம்.

ஃபோமை உள்ளே விடுவது

சின்ன உறைக்குள் பெரிய ஃபோம் நேரே போகாது, ஃபோம் துணியைப் பிடித்துக்கொள்ளும். டிரை கிளீனிங் கடையில் உடைக்குப் போர்த்தித் தரும் மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றில் ஃபோமைச் சுற்றி, குறுக்கே இரண்டாக மடித்து, ஜிப் வழியாக உள்ளே விடுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே விரிந்ததும் முன் மூலைகளை முதலில் பொருத்துங்கள், அப்புறம் பின் மூலைகள், கடைசியாக பிளாஸ்டிக்கை உருவிவிட்டு ஜிப்பை மூடுங்கள். பிளாஸ்டிக்கை உள்ளேயே விட்டால் உட்காரும்போதெல்லாம் சலசலக்கும், வேர்க்கும்.

வெளிச்சம் பட்டால் ஃபோம் மஞ்சளாகிப் பொடிய ஆரம்பிக்கும். பழைய காட்டன் புடவையில் ஃபோமுக்கு ஓர் உள்ளுறை தைத்துப் போட்டால், மேல் உறை துவைக்கப் போயிருக்கும் நாளில்கூட வெளிச்சம் நேராகப் படாது. உறை வழுக்கி ஏறுவதற்கும் அது உதவும்.

வழவழப்பான கிரானைட்டில் குஷன் முன்னால் நகர்ந்து வரும். கார்ப்பெட்டுக்கு அடியில் போடும் ரப்பர் வலையை மேடை அளவுக்கு ஓர் அங்குலம் குறைவாக வெட்டி அடியில் போட்டால் நகராது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஜன்னலைத் திறந்து வைத்து மறந்துவிட்டால் ஃபோம் தண்ணீரைக் குடித்துவிடும். பிழியாதீர்கள், கிழியும். உறையைக் கழற்றி, ஃபோமைக் குளியலறையில் நீளவாக்கில் நிறுத்தி வைத்தால் தண்ணீர் தானாக இறங்கும். பிறகு ஃபேனுக்கு அடியில், பக்கவாட்டில் நிறுத்தி, உள்ளே ஈரம் இல்லாமல் காயும் வரை விடுங்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்போதே உறைக்குள் போட்டால் பூசண வாடை வரும், அந்த வாடை ஃபோமைவிட்டுப் போவது கஷ்டம்.

செய்தித்தாள் அச்சைத் தூக்கிப் போட வேண்டாம். ஃபோமின் கனம், டென்சிட்டி, வாங்கிய மாதம் இவற்றை அதிலேயே எழுதி, மடித்து, உறைக்குள் ஜிப் ஓரமாகச் செருகி வையுங்கள். துவைக்கும்போது மட்டும் எடுத்துவிடுங்கள். ஃபோம் தளர்ந்து மாற்ற வேண்டி வரும்போது அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோனால் அதே உறைக்குப் பொருந்தும் ஃபோமை வெட்டித் தந்துவிடுவார்கள்.